இயற்கைக் காட்சிப் படம்: எங்கே நிற்பது, எப்படிப் பிடிப்பது, எதை வெட்டுவது

போன ஜூலை மாதம் தோவாளைப் பக்கம் அம்மையின் வயலைப் படம் எடுக்கப் போயிருந்தேன். முக்கால் ஏக்கர்தான். கன்னிப்பூ அறுவடை முடிந்ததும் கிரயம் எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. வாங்குகிறவர் நெல் போடுவதற்காக வாங்கவில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மைக்கு முட்டு வலி, வரப்பில் நடக்க முடியாது. "நல்லதா ஒரு படம் எடுத்துக் கொண்டா, சுவர்ல மாட்டிப் போடுவோம்" என்றாள்.

212 படங்கள் எடுத்துக்கொண்டு வந்தேன். டிவியில் போட்டுக் காட்டினேன். ஐம்பது படம் வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்ளே. இதுல நம்ம வயல் எது?"

எனக்கே சொல்லத் தெரியவில்லை. பச்சை இருந்தது, மலை இருந்தது, மேகம் இருந்தது, தூரத்தில் காற்றாடிகள் இருந்தன. எங்கள் வயல் அதற்குள் எங்கேயோ இருந்தது. கேமராவில் ஒரு குறையும் இல்லை. 24 மெகாபிக்சல், 18-55 லென்ஸ், சாதாரணமாக எல்லோரும் வைத்திருப்பது. குறை எடுத்தவனிடம். அடுத்த இரண்டு வாரம் அந்த 212 படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்து எங்கே தப்பினேன் என்று குறித்து வைத்தேன். பிறகு மறுபடியும் போனேன். அந்தக் குறிப்புகள்தான் இது. நீங்கள் செல்போனில் எடுப்பவராக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் கேள்வி, நேரில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை படத்தில் ஏன் திட்டு மாதிரி ஆகிவிடுகிறது? இது எல்லோருக்கும் நடப்பது. நேரில் பார்க்கும்போது நம் கவனம் மலைமேல் போய் ஒட்டிக்கொள்கிறது. சுற்றியிருக்கும் வானத்தையும் சேற்றையும் மனது கணக்கில் எடுப்பதில்லை. லென்ஸுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. என் கேமராவில் 18 மி.மீ. வைத்தால் மேலும் கீழுமாகச் சுமார் 47 டிகிரி உள்ளே வரும். மலை நம் கண்ணுக்கு 5 டிகிரி உயரம் எழும்புகிறது என்று வைத்துக்கொண்டால், படத்தின் உயரத்தில் அது ஒன்பதில் ஒரு பங்கு. மீதி எட்டுப் பங்கும் வானமும் தரையும். அதே இடத்தில் நின்று 55 மி.மீ.க்குப் போனால் மேல்கீழ் 16 டிகிரிதான் உள்ளே வரும், மலை படத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். செல்போனின் பிரதான லென்ஸும் அகலமாகப் பார்க்கிற லென்ஸ்தான். அதனால்தான் போனில் எடுத்த மலையெல்லாம் மண்மேடு மாதிரி இருக்கிறது. என் 212 படங்களில் 180க்கு மேல் 18 மி.மீ.யில் எடுத்தவை. "எல்லாத்தையும் உள்ளே கொண்டுவந்துடணும்" என்ற ஆசை. எல்லாம் வந்தது, அம்மை தேடியது வரவில்லை.

அகல லென்ஸ் கூடாது என்று சொல்லவில்லை. அதைப் பிடித்தால் பக்கத்தில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: வரப்பு, மடை, கல், ஒரு செருப்பு கூடப் போதும். பக்கத்தில் ஒன்றுமில்லாத அகலப்படம் காலி மைதானம்.

இரண்டாவது, மூன்றில் ஒரு பங்கு விதி. போட்டோ எடுக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: ஃபிரேமை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூன்றாகப் பிரி, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வை. இந்தப் பெயரை 1797இல் வெளியான ஒரு புத்தகத்தில் கொடுத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர். அப்போது போட்டோ என்ற ஒன்றே கிடையாது. அவர் பேசியது ஓவியத்தில் வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைப் பற்றி. பாதிக்குப் பாதி வைத்தால் இரண்டும் சண்டை போடும், ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடு என்பதுதான் அதன் சாரம். நான் இந்த விதியை அப்படி மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு வானம் பேசுகிறதா, நிலம் பேசுகிறதா என்று கேட்டுக்கொள்வது. மேகம் சும்மா வெள்ளையாக இருந்தால் வானத்துக்கு ஒரு விரலளவு இடம் போதும். கோடுகள் வெட்டும் புள்ளியில் மரத்தைக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் படம் நன்றாகிவிடாது. என்னிடம் அப்படி வைத்த படங்கள் நிறைய இருந்தன.

எனக்கு உண்மையில் உதவியது வேறு. வயலை அடையாளம் காட்டுவது எது என்று அம்மையிடமே கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: "வடகெழக்கு மூலையில ஒத்தப்பனை நிக்குல்லா?" அந்தப் பனை என் படங்களில் இருந்தது. ஆனால் தெரியவில்லை. பின்னால் இருந்த மலையும் கருநிறம், பனையும் கருநிறம். இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. சில படங்களில் பனையின் கொண்டைக்கு மேலே ஒரு காற்றாடி முளைத்திருந்தது.

இரண்டாம் முறை போனபோது கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் முதலில் நடந்தேன். பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஜூம் பண்ணினால் அது மாறாது, கால் நகர்ந்தால்தான் மாறும். இடதுபக்கம் பத்தடி போனேன், காற்றாடி விலகியது. இன்னும் இருபதடி. இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவில் ஒரு தாழ்வு உண்டு, பனங்கொண்டை சரியாக அந்த இடைவெளிக்கு வந்து நின்றது. பின்னால் வெளிச்சமான வானம். பனை ஓலை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு பைசா செலவில்லாத திருத்தம் இது. மின்கம்பியும் அப்படித்தான். அதை எப்படி அழிப்பது என்று சாஃப்ட்வேரில் தேடிக்கொண்டிருந்தேன். கம்பியைத் தாண்டி நாலு எட்டு வைத்து நின்றால் படத்தில் கம்பியே இல்லை.

உயரமும் முக்கியம். தட்டையான நிலத்தில் நின்று பார்த்தால் வயல் ஒரு மெல்லிய பச்சைக் கோடாக மடங்கிவிடும். பக்கத்துக் கால்வாய்க் கரை ஆறடி உயரம் இருக்கும். அதில் ஏறியதும் வயல் விரிந்து, வரப்புகள் பிரித்துக் காட்ட ஆரம்பித்தன. எது நம்முடையது, எது அடுத்தவருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. பூவையும் குழந்தையையும் எடுக்கக் குனியச் சொல்வார்கள். வயலை எடுக்க ஏறித்தான் ஆக வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. நாம் படிக்கும் புத்தகங்களும் பார்க்கும் வீடியோக்களும் பெரும்பாலும் வடக்கே தூரத்தில் இருக்கும் நாடுகளில் உருவானவை. அங்கே மதியச் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். நாகர்கோவில் பக்கம் கிட்டத்தட்ட 8 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது. எங்கள் வயலுக்கு மலை வடக்கே. ஆக ஜூலை மதியத்தில் வெயில் உச்சியிலிருந்து, சற்றே மலைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து விழும், மலை அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாகத் தெரியும். என் முதல் பயணம் பதினோரு மணிக்கு. காலை ஏழு மணிக்குச் சூரியன் வடகிழக்கில், அதாவது மலையைப் பார்த்து நிற்கும்போது வலது கைப் பக்கம் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் உரசிப் போகும்போது மலையின் மடிப்புகள் எல்லாம் தெரியும். டிசம்பரில் என்றால் கதையே வேறு, நாள் முழுக்க மலைமேல் வெயில் நேராக விழும். ஆனால் எனக்கு டிசம்பர் வரை நேரமில்லை.

அந்தப் பொன்னிற நேரத்தை நம்பி மெதுவாகக் கிளம்பாதீர்கள். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. அடிவானத்திலிருந்து 6 டிகிரி ஏற அரைமணிக்கும் குறைவாகத்தான் எடுக்கும். லண்டனில் கோடையில் அதற்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும். 1941 நவம்பர் 1 அன்று ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் காரில் போகும்போது, ஹெர்னான்டெஸ் என்ற சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில் விழுவதையும் மேலே நிலா இருப்பதையும் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவசரத்தில் ஒளிமானியைக் காணோம். நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று மனதில் இருந்த கணக்கை வைத்தே எடுத்தார். அடுத்த பிளேட்டுக்குத் தயாராவதற்குள் சிலுவைகள்மேலிருந்து வெயில் போய்விட்டது. உலகப் புகழ்பெற்ற அந்தப் படத்துக்கு இருப்பது ஒரே ஒரு நெகட்டிவ். அது ஆடம்ஸ், முக்காலியில் பெரிய கேமரா வைத்திருந்தவர். நமக்கு வேகமாகக் கிடைப்பது நம் கைதான். சரி, கைக்கு வருவோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஜூலையில் வருகிற காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அத்தனை காற்றாடிகளையும் அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. என் மெல்லிய டிரைபாட் அந்தக் காற்றில் கிடுகிடுவென்று ஆடியது, அதைவிடக் கையே மேல். ஆனால் கையும் ஆடும். ஆரோக்கியமான மனிதக் கைக்கே வினாடிக்குச் சுமார் 8 முதல் 12 தடவை நுண்ணிய நடுக்கம் உண்டு, அதை மனவலிமையால் நிறுத்த முடியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டித்தான் தப்பிக்க வேண்டும். பழைய கணக்கு: லென்ஸின் மி.மீ. எவ்வளவோ, அதில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்காதே. என் கேமராவில் சென்சார் சிறியது என்பதால் 1.5 ஆல் பெருக்க வேண்டும். 55 மி.மீ. என்றால் 82, ஆக 1/100 வினாடி வைத்தால் நல்லது. லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் சமாளிக்கும், நெற்பயிரின் ஆட்டத்தை நிறுத்தாது. காற்றில் அலைபாயும் பயிர் ஓலை ஓலையாகத் தெரிய வேண்டுமென்றால் 1/250க்குக் குறையக் கூடாது. அதற்காக ஐ.எஸ்.ஓ.வை 400, 800 என்று ஏற்றத் தயங்க வேண்டாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைப் பார்க்கலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பிடிக்கும் முறை: இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் தாங்க வேண்டும், பக்கவாட்டில் பிடிக்கக் கூடாது. இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டர் இருந்தால் புருவத்தை அதில் அழுத்துங்கள், இரண்டு கையோடு அது மூன்றாவது தாங்கல். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. மூச்சைப் பாதி விட்டுவிட்டு, ஷட்டரைக் குத்தாமல் மெல்ல அழுத்த வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், தொங்கும் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், அது பாய் மாதிரி காற்றைப் பிடித்து இழுக்கும். நான் மூன்று மூன்றாகத் தொடர்ந்து எடுப்பேன். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும், பெரும்பாலும் நடுப்படம்தான் கூர்மையாக வரும். போனில் எடுப்பவர்கள் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு திரையைத் தட்டாமல், இரண்டு கையால் பிடித்து வால்யூம் பட்டனை அழுத்தினாலே பாதி நடுக்கம் போய்விடும்.

எதிலாவது சாய்ந்துகொள்ளலாம் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நானும் நம்பி ஒரு தென்னையில் சாய்ந்து பத்துப் படம் எடுத்தேன். பத்தும் ஆடியிருந்தது. அந்தக் காற்றில் தென்னையே ஆடிக்கொண்டிருந்தது என்பது என் மூளைக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் எட்டியது. மோட்டார் ரூம் சுவர் நல்லது. அதைவிட நல்லது, கால்வாய்க் கரையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றுவது. கல் இருந்தால் தோர்த்தை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் கேமராவை வைத்துவிடலாம்.

இன்னொரு மலிவான வேலை. கேமராவின் அடியில் முக்காலி மாட்டும் ஓட்டை இருக்கிறதல்லவா? அதற்குப் பொருந்தும் கால் அங்குலத் திருகை ஹார்ட்வேர் கடையில் கேட்டு வாங்கி, ஓர் ஆள் உயரக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கயிற்றின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்தால், கயிறு விறைப்பாக நின்று மேல்கீழ் ஆட்டம் வெகுவாகக் குறையும். வயலில் பார்த்தவர்கள் "பட்டம் விடுறியளா?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்தது வெட்டுவது. கிராப் செய்வது கேவலம், எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும் என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. அதன் பெரிய தலைவராகச் சொல்லப்படுபவர் பிரான்ஸின் ஆன்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன். ஆனால் 1932இல் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரை ஒருவர் தாண்டும் நொடியில் அவர் எடுத்த படம் வெட்டப்பட்ட படம்தான். வேலியின் இடுக்கு வழியாக எடுத்தது, இடதுபக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது. அவருக்கே அந்த அவசியம் வந்ததென்றால் நமக்கு என்ன கூச்சம்?

கூச்சம் வேண்டாம், கணக்கு வேண்டும். 24 மெகாபிக்சல் என்பது 6000க்கு 4000. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால் 3000க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல்தான் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 10 அங்குல அகலம். வாட்ஸப்புக்குத் தாராளம், சுவருக்குச் சிறிது. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. பாதியாக வெட்டிப் பெரிதாக்கினால் கை நடுக்கமும் இரண்டு மடங்கு பெரிதாகும். வெட்டப்போகிறோம் என்று தெரிந்தால் 1/100க்குப் பதில் 1/200 வைத்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த படத்தை நேராக்குவதற்கும் விலை உண்டு: 2 டிகிரி திருப்பினால் மூலைகளைச் சீவியதில் பரப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மலைச்சரிவை வைத்து நேர் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். படத்தின் நடுவில் இருக்கும் கம்பம், சுவர் இவற்றின் செங்குத்தைப் பாருங்கள்.

இரண்டாம் பயணத்தில் தேறிய படத்தில் மேலே வெறும் வெள்ளை வானம், கீழே கால்வாய்க்கரைப் புல். இரண்டாலும் பிரயோசனமில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தப்புச் செய்தேன். எப்படி வருகிறது பார்ப்போம் என்று முழுப் படத்தையும் ஒரு ஸ்டுடியோவில் 5க்கு 7 அளவில் பிரிண்ட் கொடுத்தேன். கேமரா எடுப்பது 2க்கு 3 விகிதம். 4க்கு 6, 8க்கு 12 எல்லாம் அதற்குச் சரியாகப் பொருந்தும். 5க்கு 7க்கு 5600 புள்ளி அகலம் போதும், மிச்சம் 400ஐ மெஷினே இரண்டு ஓரத்திலும் வெட்டிவிடும். வலது ஓரத்தில் ஒட்டி நின்ற பனையின் ஒருபக்க ஓலை காணாமல் போயிருந்தது. நாம் வெட்டாவிட்டால் வேறு யாராவது வெட்டுவார்கள். எந்தப் படத்திலும் ஓரத்தில் கொஞ்சம் காலியிடம் விட்டு எடுங்கள் என்பது அன்றைக்கு எழுதிய குறிப்பு.

பிறகு நானே உட்கார்ந்து மேலேயும் கீழேயும் வெட்டி 6000க்கு 2400 ஆக்கினேன். 20 அங்குலத்துக்கு 8. மலை, பனை, வயல், குறுக்கே ஓடும் வரப்பு. வேறு ஒன்றும் இல்லை. நீளமான வயலுக்கு நீளமான படம் பொருத்தமாகவே இருந்தது. பிரிண்ட் எடுத்து அம்மையின் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். பனையில் விரலை வைத்து, அப்படியே வரப்பு வழியாக இடதுபக்கம் இழுத்துக்கொண்டே வந்தாள். கீழ் மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"மடையை ஏன் மக்ளே பாதியில வெட்டிட்டே?"

பார்த்தேன். இடது கீழ் மூலையில், புல் என்று நினைத்து நான் வெட்டி எறிந்த பட்டையில், மடைக்கல்லின் கீழ்ப்பாதி போயிருந்தது. தண்ணீர் திறந்துவிட அவள் நாற்பது வருஷம் உட்கார்ந்த கல். நல்ல வேளை, மூலக் கோப்பை அழிக்கவில்லை. கீழே 300 புள்ளி திரும்பச் சேர்த்தேன், கொஞ்சம் புல்லும் கூடவே வந்தது. 20க்கு 9. ஃபிரேம் கடைக்காரர் இந்த அளவில் சட்டம் கிடையாது, தனியாகத்தான் அறுக்கணும், கூடுதலாக ஆகும் என்றார். அறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.